கைமாறி வரும் காதுகள்: பாட்காஸ்ட் நேயர் வட்டம் வளரும் விதம்

2014 அக்டோபர் 3 அன்று அமெரிக்காவில் 'சீரியல்' என்ற பாட்காஸ்ட் தொடங்கியது. 1999-இல் பால்ட்டிமோரில் ஒரு பள்ளி மாணவி கொலையானாள். அவளுடைய முன்னாள் காதலனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்த ஒரே வழக்கைச் செய்தியாளர் சாரா கோனிக் 12 பகுதிகளில் துருவித் துருவி ஆராய்ந்தார். சில வாரங்களிலேயே ஐடியூன்ஸில் 50 லட்சம் பதிவிறக்கங்கள். அவ்வளவு விரைவில் அந்த எண்ணைத் தொட்ட பாட்காஸ்ட் அதற்கு முன் இருந்ததில்லை என்று ஆப்பிள் நிறுவனம் சொன்னது. அடுத்த ஆண்டு ஒலிபரப்புத் துறையின் பீபடி விருதும் வந்து சேர்ந்தது.

இந்த வெற்றியிலிருந்து பலரும் எடுத்துக்கொண்ட பாடம், சரக்கு நன்றாக இருந்தால் நேயர்கள் தாமாகவே வருவார்கள் என்பது. அது பாதி உண்மை. 'சீரியல்' வெறுங்கையோடு தொடங்கவில்லை. 1995-இல் சிகாகோவில் ஐரா கிளாஸ் தொடங்கி, நாடெங்கும் நூற்றுக்கணக்கான நிலையங்கள் ஒலிபரப்பிவந்த 'திஸ் அமெரிக்கன் லைஃப்' வானொலி நிகழ்ச்சியின் குழுவே அதை உருவாக்கியது. முதல் பகுதி அந்த வானொலி நிகழ்ச்சியிலேயே ஒலித்தது. அடுத்து என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டுமானால் பாட்காஸ்டுக்கு வந்தாக வேண்டும். அன்று அமெரிக்கர்களில் மாதம் ஒரு முறையாவது பாட்காஸ்ட் கேட்டவர்கள் 15 விழுக்காடுதான் என்று எடிசன் ரிசர்ச் ஆய்வு சொல்கிறது. வழி தெரியாதவர்களுக்காக, ஐரா கிளாஸ் வயதான பெண்மணி ஒருவரோடு உட்கார்ந்து, பாட்காஸ்டை எப்படிக் கேட்பது என்று விளக்கும் வீடியோவும் வெளியானது.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக ஐரா கிளாஸின் குரலுக்குப் பழகியவர்கள், அவர் சொன்னதால் சாரா கோனிக்கிடம் போனார்கள். கதை அவர்களைப் பிடித்து வைத்தது. அழைத்து வந்தது வேறொரு குரல். பாட்காஸ்டின் இருபது ஆண்டு வரலாற்றில் இந்தக் கைமாற்றம் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. ஏற்கெனவே நம்பிக்கை பெற்ற ஒரு குரலோ, ஒரு கூட்டமோ, ஒரு நண்பரோ கைகாட்டிவிட்டதால்தான் பெரும்பாலான நேயர் வட்டங்கள் வளர்ந்திருக்கின்றன. ஆனால் எல்லா அழைப்பும் ஒரே வேலையைச் செய்வதில்லை. சில, நேயர் வட்டத்தின் பரப்பைக் கூட்டும். சில, ஆழத்தைக் கூட்டும். எது எதைச் செய்யும் என்று பிரித்துப் பார்க்காமல் இறங்குவதால்தான் புதிதாகத் தொடங்குகிற பலருடைய உழைப்பு விழலுக்கு இறைத்த நீராகிறது.

கொண்டுவந்து தரும், தேடித் தராது

நேயர்களை இப்படி யாராவது அழைத்துவர வேண்டியிருப்பதற்குக் காரணம் பாட்காஸ்டின் அடித்தளத்திலேயே இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் இறுதியில் டேவ் வைனர் என்ற மென்பொருளாளர், வலைப்பதிவுகளின் புதிய பதிவுகளை வாசகருக்குக் கொண்டுசேர்த்த ஆர்எஸ்எஸ் ஓடையில் ஒலிக்கோப்பையும் இணைத்து அனுப்ப வழிசெய்தார். 2003-இல், வானொலியில் பேர்பெற்ற கிறிஸ்டோபர் லைடன் தன் நேர்காணல்களை அப்படி அனுப்பத் தொடங்கினார். அதே ஆண்டு அக்டோபரில் ஹார்வர்டில் 'பிளாகர்கான்' என்ற வலைப்பதிவர் மாநாடு நடந்தது. ஓடையில் வரும் ஒலிக்கோப்பைத் தானே இறக்கி ஐடியூன்ஸ் வழியாக ஐபாடில் ஏற்றிவிடும் ஒரு சிறு நிரலை கெவின் மார்க்ஸ் என்ற நிரலாளர் அங்கே செய்துகாட்டினார். எம்டிவி தொகுப்பாளராக இருந்த ஆடம் கரி 2004-இல் 'ஐபாடர்' என்ற செயலியைப் பரப்பினார். அவருடைய 'டெய்லி சோர்ஸ் கோட்' நிகழ்ச்சியைக் கேட்டவர்களில் பலர் தாங்களே மைக்கைப் பிடித்தார்கள். ஆக, இந்த ஊடகமே ஒரு மாநாட்டு அரங்கிலும், ஒருவர் நிகழ்ச்சியை இன்னொருவர் கேட்டதிலும்தான் வேர்பிடித்தது.

ஆர்எஸ்எஸ் நல்ல பால்காரரைப் போன்றது. பேர் கொடுத்த வீட்டு வாசலில் தவறாமல் பாக்கெட் வைத்துவிட்டுப் போகும்; அடுத்த தெருவில் போய், இந்தப் பால் நன்றாக இருக்கிறது என்று சொல்லாது. ஓடைக்கு நடுவே முதலாளி யாரும் இல்லை. அது பாட்காஸ்டின் சுதந்திரம். நடுவே பரிந்துரைக்கிறவரும் இல்லை. அது அதன் குறை.

2005 ஜூன் மாத இறுதியில் ஆப்பிள் தன் ஐடியூன்ஸில் பாட்காஸ்டுக்கு இடம் கொடுத்தபோது, இரண்டே நாளில் 10 லட்சம் சந்தாக்கள் பதிவாயின. கடை திறந்தாயிற்று, இனி கூட்டம் வரும் என்று பலர் நினைத்தார்கள். ஆனால் அந்தக் கடையில் பேர் தெரிந்ததைத்தான் கேட்டு வாங்க முடிந்தது. தமிழிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை; ஆகவே பொன்னியின் செல்வனை வாய்விட்டு வாசிக்கும் பாட்காஸ்ட்கள் பல இருக்கின்றன. செயலியில் அந்தப் பெயரை அடித்தால் அவை வந்து நிற்கும். சோழர் காலக் கதையையே ஒருவர் சொந்தமாக எழுதி வாசித்தால், அதன் பெயர் யாருக்கும் தெரியாது. தெரியாத பெயரை யாரும் தேட மாட்டார்கள்.

தரவரிசைப் பட்டியல் உதவாதா? ஆப்பிளின் பட்டியல் கேட்கும் அளவு, புதிதாகப் பின்தொடர்வோர், கடைசிவரை கேட்போர் ஆகியவற்றைச் சேர்த்துத் தயாராகிறது. ஏற்கெனவே ஒரு கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு வருகிறவரால்தான் அதில் ஏற முடியும். பட்டியல் கூட்டத்தைப் பெருக்கும். முதல் கூட்டத்தை உண்டாக்காது.

எண்ணிக்கையின் சிக்கல்

எந்த முயற்சி எத்தனை பேரைக் கொண்டுவந்தது என்று தெரிந்தால் அடுத்த முயற்சியைத் திட்டமிடலாம். அதுவும் இங்கே எளிதல்ல. பதிவிறக்கம் என்பது கேட்டதற்குச் சாட்சி ஆகாது. கோப்பு ஒரு கருவிக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு மட்டுமே சாட்சி. விளம்பரதாரர்களின் நச்சரிப்பால், ஐஏபி என்ற அமெரிக்க இணைய விளம்பர அமைப்பு எண்ணும் முறையை வகுத்தது. ஒரே முகவரியிலிருந்து, ஒரே செயலி வழியாக 24 மணி நேரத்துக்குள் எத்தனை முறை கேட்டு வந்தாலும் ஒன்று என்றே கொள்ள வேண்டும். குறைந்தது ஒரு நிமிட ஒலியாவது இறங்கியிருக்க வேண்டும். ஒரே அலுவலக வைஃபையில், ஒரே வகைச் செல்பேசியில் கேட்கும் பத்துப் பேர் இந்தக் கணக்கில் ஒருவராகிவிடலாம். இரண்டு கருவிகளில் கேட்கும் ஒருவர் இரண்டு பேராகலாம்.

2023 செப்டம்பரில் ஆப்பிள் ஐஓஎஸ் 17-ஐ வெளியிட்டபோது இது பட்டவர்த்தனமானது. கேட்பதை விட்டுவிட்டுத் திரும்பி வரும் நேயருக்குப் பழைய பகுதிகளையெல்லாம் தானாக இறக்கித் தரும் வழக்கத்தை ஆப்பிள் நிறுத்தியது. பல பெரிய நிகழ்ச்சிகளின் பதிவிறக்க எண்ணிக்கை சரிந்தது. நேயர்கள் போய்விடவில்லை, அவர்களில் ஒரு பகுதியினர் முன்பே கேட்காமல் இருந்தவர்கள்.

பதிவிறக்க எண்ணிக்கையை முழுதாக நம்ப முடியாததால்தான் பாட்காஸ்ட் விளம்பரங்களில் தள்ளுபடிக் குறிச்சொல் வந்தது. நேயர் அந்தச் சொல்லைக் கடையில் சொன்னால், எந்த நிகழ்ச்சி கேட்டு வந்தார் என்பது தெரிந்துவிடும். நேயர் வட்டத்தை வளர்ப்பவருக்கும் இதே யோசனைதான் கைகொடுக்கிறது. "எங்கே கேள்விப்பட்டீர்கள்?" என்று நேராகக் கேட்டுவிடுவதைவிட நல்ல கருவி இன்னும் வந்தபாடில்லை. எண்ணிக்கைப் பலகை காட்டும் வரைபடத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், செயலி மாறியதை நம் திறமை என்றோ தோல்வி என்றோ தவறாகப் படிக்க நேரும்.

இன்னொருவர் நிகழ்ச்சியில் நம் குரல்

பரப்பைக் கூட்டுவதில் முதலிடம் இன்னொரு பாட்காஸ்டுக்குத்தான். செய்தித்தாளில் ஒரு பாட்காஸ்டைப் பற்றிப் படிக்கிறவர் செல்பேசியை எடுத்து, செயலியைத் திறந்து, பெயரை நினைவுபடுத்தித் தேட வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஆட்கள் உதிர்வார்கள். இன்னொரு பாட்காஸ்டில் நம் பெயரைக் கேட்பவரிடம் செயலி ஏற்கெனவே திறந்திருக்கிறது. கேட்கும் பழக்கமும் இருக்கிறது. அதற்கும் மேலாக, பெயரைச் சொன்னவர் அவர் விரும்பிக் கேட்கும் ஆள்.

இந்தக் கைமாற்றத்துக்கு மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று, விருந்தினராகப் போய்ப் பேசுவது. இரண்டு, இரு நிகழ்ச்சிகள் ஒன்றின் முன்னோட்டத்தை மற்றொன்றில் போட்டுக்கொள்வது. புரோமோ ஸ்வாப் என்பார்கள். மூன்று, ஒரு நிகழ்ச்சியின் முழுப் பகுதியை இன்னொரு நிகழ்ச்சியின் ஓடையில் அப்படியே விடுவது. இது ஃபீட் டிராப். 'சீரியல்' முதல் பகுதி வானொலியில் ஒலித்தது மூன்றாவது வழியின் மூத்த வடிவம். மூன்றில் வலிமையானதும் அதுதான். முன்னோட்டம் வாக்குறுதி தருகிறது. விருந்தினர் தன் ஒரு முகத்தைக் காட்டுகிறார். முழுப் பகுதி சாப்பாட்டையே பரிமாறிவிடுகிறது.

விருந்தினர் வழியை மார்க் மாரன் கதையில் கிட்டத்தில் பார்க்கலாம். 2009-இல் அவர் நாற்பதைத் தாண்டிய நகைச்சுவைக் கலைஞர். 'ஏர் அமெரிக்கா' வானொலியில் வேலை போயிருந்தது. ஆள் இல்லாத நேரத்தில் அதே வானொலியின் அலுவலகத்துக்குள் போய் 'டபிள்யூடிஎஃப்' பாட்காஸ்டின் முதல் பகுதிகளைப் பதிவுசெய்தார். பிறகு லாஸ் ஏஞ்சலஸில் தன் வீட்டுக் கார் ஷெட்டுக்கு மைக்கை மாற்றினார். அவரிடம் பணம் இல்லை, நிறுவனம் இல்லை. மேடை நகைச்சுவையில் கழித்த ஆண்டுகளில் பழகியவர்களும், சண்டை போட்டு விலகியவர்களும் மட்டும் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டுப் பேசினார். சிலரிடம் பழைய மனத்தாங்கலை மைக்கின் முன்னாலேயே தீர்த்துக்கொண்டார். ஒவ்வொரு விருந்தினரும் தம் ரசிகர்களில் ஒரு பகுதியை அந்த ஷெட்டுக்குள் கூட்டிவந்தார். 2015 ஜூனில் அங்கே வந்து உட்கார்ந்தவர் பதவியிலிருந்த அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா. பக்கத்து வீட்டுக் கூரையில் குறிபார்த்துச் சுடும் காவலர்கள் நின்றார்கள்.

மாரனின் தொடர்புகள் பாட்காஸ்டுக்காகச் சேர்க்கப்பட்டவை அல்ல. தொழிலில் வாழ்ந்ததால் தாமாகச் சேர்ந்தவை. நெட்வொர்க்கிங் என்ற பெயரில் விசிட்டிங் கார்டு சேர்க்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பெரிய பெயர் கொண்ட விருந்தினர் ஒருநாள் வந்துவிட்டுப் போனால், அவரைக் கேட்க வந்தவர்களும் அவரோடு போய்விடுவார்கள். விருந்தினருக்கும் நமக்கும் இடையே வேறெங்கும் கேட்க முடியாத ஒரு பேச்சு நடந்தால் மட்டுமே, வந்தவர்களில் சிலராவது நம்மிடம் தங்குவார்கள்.

'வெல்கம் டு நைட் வேல்' இந்த உறவை நிகழ்ச்சியின் கட்டமைப்புக்குள்ளேயே வைத்தது. ஜோசஃப் ஃபிங்க், ஜெஃப்ரி கிரானர் இருவரும் 2012 ஜூனில் தொடங்கிய கற்பனைத் தொடர் அது. பாலைவனத்தில் ஓர் ஊர், அங்கே எல்லா விந்தைகளும் அன்றாடம், அதன் சமூக வானொலியில் செய்தி வாசிக்கும் ஒரு குரல். செய்திக்கு நடுவே 'வானிலை' வரும். அந்த இடத்தில் வானிலைக்குப் பதிலாக, பெரிய நிறுவனத்தைச் சேராத ஓர் இசைக்கலைஞரின் பாட்டு முழுதாக ஒலிக்கும். ஒவ்வொரு பகுதியும் ஒரு கலைஞருக்கு மேடை. அந்தக் கலைஞருக்கும் தம் ரசிகர்களிடம் இந்த நிகழ்ச்சியைச் சொல்ல ஒரு காரணம். தொடங்கி ஓராண்டு கழித்து, 2013 ஜூலையில், டம்ப்ளர் என்ற வலைப்பதிவுத் தளத்தில் ரசிகர்கள் வரைந்த படங்களும் எழுதிய கதைகளும் பரவி, நைட் வேல் ஐடியூன்ஸ் பட்டியலின் உச்சிக்கு ஏறியது. 'திஸ் அமெரிக்கன் லைஃப்' அதற்குக் கீழே போனது. முதல் ஓராண்டு, மாதம் இரண்டு முறை தவறாமல் வெளிவந்த பகுதிகள் கையிருப்பில் இல்லாதிருந்தால், அந்த அலையில் வந்தவர்களுக்கு அடுத்துக் கேட்க ஒன்றும் இருந்திருக்காது.

ஒரே கூரையின் கீழ்

நேயர்களைக் கைமாற்றுவது ஒருமுறை உதவியாக இல்லாமல் நிலையான ஏற்பாடாகும்போது அது கூட்டமைப்பு ஆகிறது. 2014 பிப்ரவரியில் '99% இன்விசிபிள்' நிகழ்ச்சியின் ரோமன் மார்ஸும், பிஆர்எக்ஸ் என்ற பொது வானொலி அமைப்பும் சேர்ந்து 'ரேடியோடோப்பியா'வைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனி ஆசிரியர், தனி உரிமை. விளம்பரமும் நிதி திரட்டலும் மட்டும் பொது. அந்த ஆண்டே கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் 21,000-க்கும் மேற்பட்டவர்கள் 6 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். தனித்தனியாகக் கேட்டிருந்தால் ஒவ்வொருவரும் தம் நேயரிடம் மட்டுமே கேட்டிருக்க முடியும். சேர்ந்து கேட்டதால் ஒரு நிகழ்ச்சியின் நேயர் மற்றவற்றின் பெயரையும் அறிந்தார்.

பிரிட்டனின் 'கோல்ஹேங்கர்' நிறுவனம் இதையே தொழிலாக்கிவிட்டது. 2020 நவம்பரில் வரலாற்றாசிரியர்கள் டாம் ஹாலண்ட், டொமினிக் சாண்ட்புரூக் இருவரும் பேசும் 'தி ரெஸ்ட் இஸ் ஹிஸ்டரி' வந்தது. அது நிலைத்ததும் 2022-இல் அதே அச்சில் 'தி ரெஸ்ட் இஸ் பாலிடிக்ஸ்'. ஒரு காலத்தில் தொழிற்கட்சியில் இருந்த அலஸ்டர் கேம்பெல் ஒருபுறம், கன்சர்வேட்டிவ் கட்சியில் அமைச்சராக இருந்த ரோரி ஸ்டூவர்ட் மறுபுறம். பிறகு கால்பந்து, பணம், பொழுதுபோக்கு என்று வரிசையாக வந்தன. பேரின் முன்பாதியும், உரையாடல் வடிவமும் மாறுவதில்லை. புதிய நிகழ்ச்சியை அந்நியமாக நினைக்க நேயருக்கு வாய்ப்பே இல்லை.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒரே கூட்டத்துக்குள் ஒருவர் மற்றவரை மாறி மாறி அழைத்துக்கொண்டிருந்தால், கொஞ்ச காலத்தில் எல்லா நிகழ்ச்சிக்கும் ஒரே நேயர்கள்தான் மிஞ்சுவார்கள். எழுத்தாளர் எழுத்தாளரையும், தொழில்முனைவோர் தொழில்முனைவோரையும் மட்டுமே பேட்டி காணும் நிகழ்ச்சிகள் சில ஆண்டுகளில் தேங்குவதற்கு இது பெரிய காரணம். வேறு துறையில், நம் கேள்விகளுக்கே வேறு விடை வைத்திருப்பவரின் நேயர்களிடம் போவது கடினம். ஆனால் பரப்பு அங்கேதான் இருக்கிறது.

அரங்கு செய்வதும் செய்யாததும்

நேரடி நிகழ்ச்சிகளைப் பற்றித்தான் மிகுந்த மயக்கம் நிலவுகிறது. அரங்கை எடுத்து, போஸ்டர் ஒட்டினால் புதியவர்கள் வந்து நேயர்களாவார்கள் என்று எதிர்பார்க்கிறோம். முன்பின் கேட்டிராத ஒரு பாட்காஸ்டின் மேடை நிகழ்ச்சிக்கு யார் டிக்கெட் வாங்குவார்கள்? வருகிறவர்கள் ஏற்கெனவே நேயர்களாக இருப்பவர்கள். அவர்கள் கையைப் பிடித்து அழைத்துவரும் மனைவி, கணவர், நண்பர் மட்டுமே புதியவர்.

நைட் வேல் குழு இதைப் புரிந்துகொண்டது. அவர்களுடைய மேடை நிகழ்ச்சிகள் தொடரின் கதையோட்டத்தைத் தெரிந்திருக்க வேண்டிய தேவையில்லாமல் தனிக்கதையாக எழுதப்படுகின்றன. பழைய நேயர் தெரிந்த பாத்திரங்களைக் கண்டு குதூகலிப்பார். அவரோடு வந்தவரும் விழிக்க மாட்டார். கூட வந்தவரை மனத்தில் வைத்து எழுதிய மேடை அது.

'மை ஃபேவரிட் மர்டர்' வேறொன்றைச் செய்தது. கேரன் கில்கேரிஃப், ஜார்ஜியா ஹார்ட்ஸ்டார்க் இருவரும் 2016 ஜனவரியில் தொடங்கிய, குற்றக் கதைகளைப் பேசும் நிகழ்ச்சி இது. ஊர் ஊராக மேடையேறும்போது, நிகழ்ச்சியின் கடைசியில் கூட்டத்திலிருந்து ஒருவரை மேலே அழைப்பார்கள். அவர் தன் சொந்த ஊரில் நடந்த குற்றக் கதையை மைக்கில் சொல்வார். கேட்டுக்கொண்டிருந்தவர் பேசுகிறவர் ஆகிவிடுகிறார். அன்றிரவு அரங்கில் இருந்த அத்தனை பேரும், அந்த இடத்தில் நான் இருந்தால் எந்தக் கதையைச் சொல்வேன் என்று யோசித்தபடி வீட்டுக்குப் போவார்கள். மறுநாள் அலுவலகத்தில் அதைப் பற்றிப் பேசுவார்கள். இந்த நேயர்கள் தங்களுக்கென்று 'மர்டரினோ' என்று ஒரு பெயரே வைத்துக்கொண்டார்கள். பேர் வைத்துக்கொண்ட கூட்டம் நேயர் எண்ணிக்கையாக நிற்பதில்லை. ஊர்தோறும் தனக்குள்ளேயே சந்தித்துக்கொள்கிறது.

'தி ரெஸ்ட் இஸ் பாலிடிக்ஸ்' 2024 அக்டோபரில் லண்டனின் ஓ2 அரங்குவரை போனது. அதைப் பார்த்துத் தாமும் அரங்கு எடுக்க நினைப்பவர்கள் வரிசையைக் கவனிக்க வேண்டும்: நேயர்கள் முதலில், அரங்கு பிறகு. நிகழ்ச்சியாளர்கள் சேர்ந்து நடத்திய பெருவிழாக்கள்கூட எப்போதும் கைகொடுப்பதில்லை. யூடியூபர் ஹேங்க் கிரீன், நைட் வேல் குழுவினர், பாட்காஸ்ட் நடத்தும் மெக்கெல்ராய் சகோதரர்கள் என்று பெரிய பெயர்கள் நின்று நடத்திய 'பாட்கான்' சியாட்டிலில் 2017-லும் 2019-லும் நடந்தது, அதோடு நின்றுபோனது.

இந்த வரிசை தலைகீழாகவும் செல்லும். சென்னையில் 'தமிழ்ப் பாரம்பரிய அறக்கட்டளை' மாதந்தோறும் கலை, வரலாறு, தொல்லியல் குறித்த சொற்பொழிவுகளை நடத்திவந்திருக்கிறது. 'பேச்சுக் கச்சேரி' என்ற பெயரில் தொடர் உரைகளும் உண்டு. உரைகள் பதிவாகி யூடியூபில் ஏறுகின்றன. அரங்கின் நாற்காலிகள் குறைவு. பதிவைக் கேட்க நாற்காலி தேவையில்லை. கூட்டம் நடத்தும் பழக்கம் ஊறிய ஊரில், பாட்காஸ்ட் தொடங்க நினைப்பவருக்கு இது எளிய வழி. இலக்கிய அமைப்புகளும் வாசகர் வட்டங்களும் மாதம் ஒரு கூட்டம் எப்படியும் நடத்துகின்றன. பேச்சாளருக்கு ஒரு நல்ல மைக், பதிவைக் கேட்டு வெட்டித் திருத்த ஒருவர், மாதம் தவறாத ஒரு நாள்: இவை மூன்றும் இருந்தால் கூட்டமே நிகழ்ச்சியாகிவிடும். பெரும்பாலும் கெடுப்பது மைக். அரங்கின் பின்வரிசையிலிருந்து செல்பேசியில் எடுத்த, மின்விசிறி இரைச்சலோடு கூடிய பதிவை, காதில் மட்டும் கேட்பவர் ஐந்து நிமிடத்தில் மூடிவிடுவார்.

ஆழம் என்ற முதலீடு

2008-இல் கெவின் கெல்லி என்ற அமெரிக்க எழுத்தாளர் '1,000 உண்மையான ரசிகர்கள்' என்றொரு கட்டுரை எழுதினார். ஒரு படைப்பாளி எதை வெளியிட்டாலும் வாங்கக்கூடிய 1,000 பேர், ஆண்டுக்கு ஆளுக்கு 100 டாலர் கொடுத்தால் அவர் பிழைத்துக்கொள்வார் என்பது கணக்கு. ரசிகர்கள் படைப்பாளிக்கு நேரடியாகப் பணம் கொடுக்க வழிசெய்யும், 2013-இல் வந்த பேட்ரியான் போன்ற தளங்கள் அந்தக் கணக்கை நடைமுறையாக்கின. ஆனால் அந்த 1,000 பேர் எந்தக் கூட்டத்திலிருந்து திரள்வார்கள் என்பதற்குக் கெல்லியின் கணக்கில் விடை இல்லை. ஆழம் வேண்டுமானால் அதற்கு முன்னால் கொஞ்சம் பரப்பு வேண்டும்.

ஆழத்தின் நல்ல உதாரணம் நம் நாட்டிலேயே உண்டு. வலைப்பதிவராகவும் பத்திரிகையாளராகவும் அறியப்பட்ட அமித் வர்மா 2017-இல் 'தி சீன் அண்ட் தி அன்சீன்' என்ற ஆங்கிலப் பாட்காஸ்டைத் தொடங்கினார். ஆரம்பத்தில் பகுதிகள் அரை மணிக்குள் முடிந்தன. பிறகு நீண்டன, ஐந்து மணி, எட்டு மணி என்று போகும் பகுதிகளும் உண்டு. இணைய நேயருக்குப் பொறுமை இல்லை, சுருக்கிச் சொல் என்று எல்லாரும் சொல்லும் அறிவுரைக்கு இது நேர் எதிர். அவ்வளவு நேரம் ஒருவரோடு இருப்பவர், அவரை முன்பே தெரிந்தவராக உணரத் தொடங்கிவிடுகிறார். 2020-இல் அவர் இணையவழி எழுத்துப் பயிற்சி வகுப்பு தொடங்கியபோது, சேர்ந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டிய தேவையே இருக்கவில்லை. பாட்காஸ்ட் வகுப்புக்கு ஆள் சேர்த்தது. வகுப்பு ஒருவரையொருவர் அறிந்த ஒரு குழுவை உண்டாக்கியது.

யூடியூப் வந்த பிறகு

இதுவரை சொன்னதெல்லாம் பரிந்துரைக்க ஆளில்லாத ஊடகத்தைப் பற்றியது. இன்று அந்த நிலை மாறுகிறது. 2024-இல் அமெரிக்கர்களில் மாதந்தோறும் பாட்காஸ்ட் கேட்பவர்கள் 47 விழுக்காடு. 2025 பிப்ரவரியில், மாதம் 100 கோடிப் பேர் தன் தளத்தில் பாட்காஸ்டைப் பார்க்கிறார்கள் அல்லது கேட்கிறார்கள் என்று யூடியூப் அறிவித்தது. கூகுள் தன் தனிப் பாட்காஸ்ட் செயலியை 2024-இல் மூடி, பயனர்களை யூடியூப் மியூசிக் பக்கம் திருப்பியது. அல்காரிதம் வழிகாட்டும் இந்த உலகில் முன்பின் தெரியாதவர்கூட நம் நிகழ்ச்சியின் ஒரு நிமிடத் துண்டைப் பார்த்துவிடுகிறார். தமிழ்ப் பேட்டிகள் பெரும்பாலும் இந்த வழியில்தான் பரவுகின்றன.

அப்படியானால் கைமாற்றம் தேவையில்லையா? துண்டைப் பார்த்தவர் துண்டின் நேயர். அடுத்த விநாடி வேறொரு துண்டு அவரை எடுத்துக்கொள்ளும். யார் பேசியது என்ற பெயரைக்கூட அவர் கவனித்திருக்க வேண்டியதில்லை. அல்காரிதம் அறிமுகம் செய்துவைக்கிறது, பொறுப்பேற்பதில்லை. நண்பர் ஒருவர் "இதைக் கேள்" என்று சொல்லும்போது தன் ரசனையைப் பணயம் வைக்கிறார். அந்தப் பணயத்தால்தான் கேட்பவர் முதல் பத்து நிமிடத்தைப் பொறுத்துக்கொள்கிறார். பேட்டியின் சூடான இடத்தை மட்டும் வெட்டித் துண்டாக்கும் பழக்கம், நாளடைவில் பேட்டி எடுப்பவரையே அந்தச் சூட்டுக்காகக் கேள்வி கேட்கத் தள்ளுகிறது. அப்போது பரப்புக்காக ஆழத்தை விற்ற கதையாகிவிடும்.

தளங்களை நம்புவதன் விலை 2021-இல் கண்முன்னே தெரிந்தது. கோவிட் முடக்கத்தில் கிளப்ஹவுஸ் என்ற குரல் அரட்டைச் செயலி வெடித்துப் பரவியது. தமிழ் அறைகளிலும் நள்ளிரவுவரை கூட்டம். முடக்கம் தளர்ந்ததும் கூட்டம் கரைந்தது. தொடக்கத்தில் அந்தப் பேச்சுகளைப் பதிவுசெய்து வைக்கும் வசதி அந்தச் செயலியில் இல்லை. அங்கே திரண்ட நேயர்களைப் பாட்காஸ்டுக்கோ, மின்னஞ்சல் பட்டியலுக்கோ, மாதக் கூட்டத்துக்கோ அழைத்துக்கொண்டவர்கள் தப்பினார்கள். மற்றவர்களுடைய நேயர் வட்டம் செயலியின் சொத்தாக இருந்து, செயலியோடு போனது.

இந்த வரலாற்றிலிருந்து தொடங்குகிறவருக்கு ஒரு வரிசை கிடைக்கிறது. விருந்தினர் கேட்டாலும், அலை அடித்தாலும் காட்டுவதற்குப் பத்துப் பன்னிரண்டு நல்ல பகுதிகள் முதலில் கையில் இருக்க வேண்டும். அடுத்தது, நம் நேயராகக்கூடியவர்கள் இப்போது யாரைக் கேட்கிறார்கள் என்று கண்டுபிடித்து, அவருடைய நிகழ்ச்சியில் போய்ப் பேசுவது, அல்லது நம் முழுப் பகுதி ஒன்றை அங்கே ஒலிக்கச் செய்வது. பரப்பு வருவது இங்கேதான். வந்தவர்களைத் தங்கவைப்பதற்குத்தான் அரங்கும், பயிலரங்கும், வாசகர் சந்திப்பும். அவற்றையும் கூட வருகிற அந்தப் புதியவரை மனத்தில் வைத்து நடத்த வேண்டும். வீடியோத் துண்டுகளை வாசல் பலகையாக வைத்துக்கொள்ளலாம், வீடாக எண்ணக் கூடாது. ஒரு நேயரை எந்தத் தளமும் குறுக்கே நிற்காமல் சென்றடைய நம் கையில் ஏதேனும் ஒரு வழி இருக்கிறதா என்று அவ்வப்போது சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஆர்எஸ்எஸ் ஓடை அந்த வழியைத்தான் தந்தது. கேட்பவரைத் தேடித் தரவில்லை என்று இருபது ஆண்டுகளாக அதைக் குறைசொல்லிக்கொண்டிருக்கிறோம். ஒருமுறை வந்து சேர்ந்த நேயரை நம்மிடமிருந்து பிரித்து வேறொருவருக்கு அது விற்றதே இல்லை என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.